18 அங்குல ரிம் ஆசையும் மட்டக்களப்பு வீதிகளும்: பழைய பி.எம்.டபிள்யூவுக்கு எந்த அளவு?

கல்லடியைச் சேர்ந்த தம்பி ஒருவரின் கேள்வி இது. 2000ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 318ஐ (318i) கார் ஒன்றை, அதாவது ஈ46 எனப்படும் 3 வரிசைக் காரை, அண்மையில் வாங்கியிருக்கிறார். காரில் இருப்பவை 16 அங்குல அலோய் ரிம்களும் 205/55 டயர்களும். டயர்கள் தேய்ந்துவிட்டதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போதே 18 அங்குலத்துக்குப் போகலாமா என்பது முதல் கேள்வி. ஈ39 எனப்படும் 5 வரிசைக் காரிலிருந்து கழற்றிய 17 அங்குல ரிம்கள் கொழும்பில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கின்றன, "துளை ஐந்தும் அச்சொட்டாகப் பொருந்தும்" என்று கடைக்காரர் உறுதி சொல்கிறார், எடுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, 18 வேண்டாம். ஈ39 ரிம்களும் வேண்டாம். 16 அங்குலத்திலேயே நல்ல டயர் போடுங்கள். தோற்றத்தில் மனம் ஆறவில்லை என்றால் 17 வரை போகலாம், ஆனால் உங்கள் காருக்கென்று செய்யப்பட்ட 17ஆக இருக்க வேண்டும். இவ்வளவுதான் பதில். காரணம் தெரியாமல் இதைக் கேட்டு நடந்தால் அடுத்த மாதம் வேறு ஒரு கடைக்காரர் வேறு ஒன்றைச் சொல்லி உங்கள் மனதை மாற்றிவிடுவார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் ரிம்மை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு எந்த டயர் ஏறும் என்று பிறகு தேடுகிறோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வீதியைத் தொடுவது டயர். ரிம் அதைத் தாங்குவதற்காக இருப்பது. எந்த டயர், எவ்வளவு பக்கச்சுவர், எங்கே கிடைக்கும் என்பதை முடிவு செய்துகொண்டால் ரிம்மின் அளவு தானாக வந்துவிடும்.

டயரில் எழுதியிருக்கும் 205/55 ஆர் 16 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 205 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தின் நூற்றுக்கு 55 பங்கு, அதாவது பக்கச்சுவரின் உயரம்: 112.75 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பக்கச்சுவர்களையும், 16 அங்குல ரிம்மின் 406.4 மி.மீ. விட்டத்தையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 631.9 மி.மீ. உங்கள் வேகமானி, கியர் விகிதங்கள், மட்கார்ட் இடைவெளி எல்லாம் இந்த எண்ணை வைத்தே அமைந்தவை. ரிம்மை மாற்றும்போது இந்த மொத்த விட்டம் அதிகம் மாறக் கூடாது.

இப்போது மற்ற அளவுகளைப் பாருங்கள். 195/65 ஆர் 15 போட்டால் மொத்த விட்டம் 634.5. 225/45 ஆர் 17 என்றால் 634.3. 225/40 ஆர் 18 என்றால் 637.2. எல்லாமே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது. கடைக்காரர்கள் "18 தாராளமாகப் பொருந்தும்" என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதில் பொய் இல்லை. ஆனால் பக்கச்சுவரின் கணக்கை அவர்கள் சொல்வதில்லை. 15இல் ஏறத்தாழ 127 மி.மீ. இருந்த பக்கச்சுவர், 16இல் 113, 17இல் 101, 18இல் 90 ஆகச் சுருங்குகிறது. 16இலிருந்து 18க்குப் போகும்போது வீதிக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் காற்று மெத்தையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

"எம்3 காரில் 18 தானே வருகிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள், படங்களைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்திருக்கும். ஈ46இன் அதிவேக வகையான எம்3க்கு முன்னால் வருவது 225/45 ஆர் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கச்சுவர் 101 மி.மீ. உங்கள் காரில் 17 அங்குல ரிம்முக்கு 225/45 போட்டால் எவ்வளவோ அதே அளவு. அந்தக் காருக்கு மொத்த விட்டமே ஏறத்தாழ 660 மி.மீ.; மட்கார்ட்களும் அகலமாக அடித்துச் செய்யப்பட்டவை. உங்கள் 318ஐ-யின் உடலுக்குள் அந்த டயரை அப்படியே நுழைக்க முடியாது. ஆகவே 18 போட வேண்டுமென்றால் 40 அல்லது 35 என்று மெல்லிய டயருக்குப் போவதைத் தவிர வழியில்லை. படத்தில் பார்த்த காரும் நீங்கள் செய்யப் போகும் காரும் ஒன்றல்ல.

90 மி.மீ. பக்கச்சுவர் ஜேர்மனியின் மழமழப்பான நெடுஞ்சாலையில் ஓடலாம். இங்கே திருகோணமலை வீதியிலும் கல்முனை நோக்கிய கடற்கரை வீதியிலும் நல்ல கார்ப்பட்டில்தான் ஓடுகிறோம், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து இறங்கி உள்வீதிக்குத் திரும்பியதும் கதை மாறுகிறது. பாலம் கடந்து, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போங்கள். அம்பாறைப் பக்கம் வயல் வீதிகளில் போங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் குழிக்குள் தண்ணீர் நின்றால் அது ஒரு அங்குல ஆழமா அரை அடி ஆழமா என்று இறங்கும்வரை தெரியாது. குழியைவிடக் கொடியது தார் விளிம்பு. எதிரே லொறி வரும், அல்லது இரவில் வீதி நடுவே மாடு படுத்திருக்கும், ஒதுங்குவீர்கள், இடது சக்கரம் தாரிலிருந்து மணலுக்குள் இறங்கும். மழை அரித்த இடங்களில் அந்த விளிம்பு கத்திபோல் நிற்கும். திரும்பத் தாருக்கு ஏறும்போது பக்கச்சுவர் அந்த விளிம்புக்கும் ரிம் ஓரத்துக்கும் இடையில் நசுங்கும். உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் மறுநாள் காலையில் டயரின் பக்கத்தில் முட்டை அளவில் ஒரு வீக்கம் தெரியும். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. எவ்வளவு புதிய டயரானாலும் எறிய வேண்டியதுதான்.

இன்னொன்று எடை. பெரிய ரிம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கிலோ கூடினாலே போதும், அது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, சுழலும் எடை. 2000ஆம் ஆண்டின் 318ஐ-யில் இருப்பது 118 குதிரைவலு இயந்திரம். செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாகப் பதுளைக்கு ஏறும்போது அந்தக் கூடுதல் எடையை இரண்டாம் கியரிலேயே உணர்ந்துவிடுவீர்கள். ஸ்போர்ட்ஸ் செடான் என்பதன் சுவை ஸ்டியரிங் கூர்மையாகப் பேசுவதில் இருக்கிறது. பாரமான ரிம் அந்தப் பேச்சை மந்தமாக்கிவிடும்.

சரி, ஈ39 ரிம்களுக்கு வருவோம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சரி. இரண்டு கார்களுக்கும் ஐந்து போல்ட். போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் இரண்டிலும் 120 மி.மீ. ஆகையால் ரிம் ஏறும், போல்ட் இறுகும், கார் ஓடும். மீதிப் பாதியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது நடுத்துளை. ஈ46இன் ஹப், அதாவது ரிம் ஏறி உட்காரும் அச்சின் நடுப்பகுதி, 72.6 மி.மீ.; ஈ39 ரிம்மின் நடுத்துளை 74.1 மி.மீ. ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று நினைக்காதீர்கள். பி.எம்.டபிள்யூவில் ரிம்மை மையத்தில் நிறுத்துவது ஹப்; போல்ட்கள் அழுத்திப் பிடிக்க மட்டுமே. நடுத்துளை தளர்வாக இருந்தால் ரிம் ஒரு மயிரிழை விலகி உட்காரும். 80, 90 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பலன்ஸ் செய்யச் செய்ய நடுக்கம் போகாது, ஏனென்றால் குறை டயரில் இல்லை. இதற்கு வளையம் விற்கிறார்கள், போட்டால் தீரும். ஆகவே இது சிறிய பிரச்சினை.

பெரிய பிரச்சினை ஓஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதே ஓஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். உங்கள் காரின் 7 ஜே (அதாவது 7 அங்குலம்) அகல 16 அங்குல ரிம்முக்கு ஓஃப்செட் 47. ஈ39இன் 8 ஜே அகல 17 அங்குல ரிம்முக்கு ஓஃப்செட் 20. ரிம் ஒரு அங்குலம் அகலமாவதால் வெளிப்பக்கத்தில் அதில் பாதி, 12.7 மி.மீ., கூடுகிறது, ஓஃப்செட் 27 குறைவதால் அதுவும் சேர்கிறது. மொத்தத்தில் ரிம்மின் வெளி ஓரம் இப்போது இருக்கும் இடத்திலிருந்து கிட்டத்தட்ட 40 மி.மீ. வெளியே வந்து நிற்கும். நாலு சென்ரிமீற்றர்! ஈ39க்குரிய 235/45 டயரோடு எடுத்தால் மொத்த விட்டமும் 643 ஆகிவிடும். தனியாக ஓட்டும்போது ஒருவேளை தப்பிவிடும். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வீட்டாரெல்லாம் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் பின் மட்கார்ட்டின் மடிப்பு டயரின் தோளைச் சீவத் தொடங்கும். மட்கார்ட்டுக்கு வெளியே சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால் வீதியில் மறிக்கப்படவும் வாய்ப்பு அதிகம். 2025 தொடக்கத்தில் வாகனங்களில் செய்த மாற்றங்கள் மீது பொலிஸார் காட்டிய கெடுபிடி உங்களுக்கு நினைவிருக்கும். வீல் பெயரிங் மீது விழும் நெம்புவிசையும் கூடுகிறது, ஸ்டியரிங் வீதிப் பள்ளங்களைப் பின்தொடர்ந்து இழுக்கவும் செய்கிறது.

கடையில் ரிம்மைப் பார்க்கும்போது முகப்பைப் பார்த்து மயங்காமல் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். ஈரத் துணியால் பிரேக் கரியைத் துடைத்தால் கம்பிகளின் பின்புறத்தில் அச்சு தெரியும்: அகலமும் விட்டமும் ஒரு வரியில், பக்கத்தில் ஐ.எஸ். என்ற இரு எழுத்தும் ஓர் எண்ணும். பி.எம்.டபிள்யூ தன் ரிம்களில் ஓஃப்செட்டை அப்படித்தான் குறிக்கிறது. 47 என்று இருந்தால் பேரம் பேசுங்கள். 20 என்று இருந்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். 34 என்று இருந்தால் அது பெரும்பாலும் 2005க்குப் பின் வந்த ஈ90 காரின் ரிம். அதன் நடுத்துளை உங்களுடையதைப் போலவே 72.6 தான். 8 ஜே அகலம் என்றால் வெளி ஓரம் இப்போதையதைவிட 26 மி.மீ. அளவு வெளியே வரும். அசல் ஈ46 ரிம் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும், 225 அகலத்தைத் தாண்டாமல், காரை நிரப்பி ஏற்றிப் பார்த்து உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு போடலாம். அச்சே இல்லாத ரிம் என்றால் அது நகல். நகல்களில் நல்லதும் உண்டு, ஆனால் பழைய நகல் ரிம்மை நான் தொட மாட்டேன்.

நம் நாட்டில் அதிகம் கிடைப்பவை ஜப்பானியக் கார் ரிம்கள். அவற்றின் ஐந்து துளை வட்டம் பெரும்பாலும் 114.3 மி.மீ. 120க்கும் அதற்கும் 5.7 மி.மீ. வித்தியாசம். "கொஞ்சம் துளையை அகட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கராஜின் வாசற்படியை மறந்துவிடுங்கள்.

அகலம் பற்றிச் சுருக்கமாக: 318ஐ-க்கு 225 தாராளம். 7 ஜே ரிம்மில் 205 ஏறும், 225ம் ஏறும். 225/50 ஆர் 16 போட்டால் மொத்த விட்டம் 631.4, அதாவது இப்போதையதேதான். பார்ப்பதற்கும் ரிம் நிறைந்து தெரியும். முன்னால் 225, பின்னால் 245 என்று பி.எம்.டபிள்யூவே எம் என்ற ஸ்போர்ட்ஸ் தொகுப்பில் கொடுத்தது உண்மை. ஆனால் அப்படிப் போட்டால் முன்பின் மாற்றிப் போட முடியாது; ஒரு டயர் போனால் அந்த ஒரு அளவைத் தேடி அலைய வேண்டும்; நம் வீதிகளில் சட்டப்படியான உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். கிழக்கில் அதிவேகப் பாதை கிடையாது. 245 எதற்கு? அதோடு அகலமான டயர் மழைத் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும், அதுவும் பள்ளம் தேய்ந்திருந்தால். டயர் பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு கட்டைகள் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். டயர் அதுவரை தேயும்வரை காத்திருக்காமல், 3 மி.மீ.க்கு வந்தவுடன், வடகீழ்ப் பருவமழைக்கு முன்பாக மாற்றிவிடுங்கள்.

கிடைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். 205/55 ஆர் 16 ஹொண்டா சிவிக் உட்பட எத்தனையோ கார்களுக்குப் பொதுவான அளவு. 195/65 ஆர் 15 பிரியஸ் டயர். அது இல்லாத டயர் கடை இல்லை. 318ஐ-யின் முன் டிஸ்க் 286 மி.மீ. தான், அதனால் 15 அங்குல அசல் ரிம்கூட இந்தக் காருக்கு ஏறும் (330ஐ போன்றவற்றின் பெரிய டிஸ்க்குக்கு ஏறாது). தினமும் படுவான்கரைக்குப் போய்வரும் ஒருவர் என்னிடம் கேட்டால் கூச்சப்படாமல் 15ஐச் சொல்வேன். இளவயதில் அது கசக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆகையால் உங்களை வற்புறுத்தவில்லை.

அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் படியுங்கள். 91 வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீற்றர் வரை தகும். எச் என்றால் 210. நமக்கு எச் போதுமானது. சுமை எண் 91க்குக் கீழே இறங்கக் கூடாது. 17இல் 225/45 எடுத்தால் 94 எண்ணுடைய, வலுவூட்டிய டயராகப் பாருங்கள்; அது 670 கிலோ தாங்கும். ஆனால் அந்த வலுவைப் பெற அதற்குக் காற்றும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டயர்கள் பள்ளம் நிறைந்து, பளபளவென்று இருக்கும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருட இறப்பர் கல்லாகிவிட்டிருக்கும். நம் வெயிலில் ஒரு வருடத்தில் பக்கச்சுவர் வெடித்துப் பிளக்கத் தொடங்கும். அரை விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

பாவித்த ரிம் எடுத்தால் டயர் இல்லாத வெறும் ரிம்மைப் பலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றச் சொல்லுங்கள். உட்பக்க ஓரத்தைக் கவனியுங்கள். வெளி ஓரம் அழகாக இருந்தும் உள் ஓரம் நெளிந்திருக்கும். ஒட்டிய தழும்பு எங்காவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். கல்லடி, நாவலடி என்று கடலோரம் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக்காற்று. டயர் ரிம்மோடு ஒட்டும் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்து, வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. காற்று மெதுவாக இறங்கும். உள்ளே ரியூப் போடலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். டயரைக் கழற்றி அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, விளிம்புப் பசை பூசி மறுபடி ஏற்றினால் நின்றுவிடும். அதே உப்பு ஹப்பையும் ரிம்மையும் சேர்த்துக் கெட்டியாக்கிவிடும். பஞ்சர் ஆன இரவில் போல்ட் ஐந்தையும் கழற்றிய பிறகும் சக்கரம் அசையாது. புது ரிம் போடும்போதே ஹப் முகத்தைத் தேய்த்துத் துருவை எடுத்து, நடு வளையத்தில் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். போல்ட் புரிகளில் மட்டும் தடவ வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் காரின் அடியையும் ஒருமுறை பாருங்கள். கால் நூற்றாண்டு வயதான ஈ46இல் சக்கரத்தைப் பிடிக்கும் முன் ஆர்ம்களின் புஷ்களும் (இறப்பர் தாங்கிகள்) பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ்களும் பெரும்பாலும் கிழிந்திருக்கும். இப்போதைய பின் டயர்களின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குறை புஷ்ஷில். அதைச் சரிசெய்யாமல் எந்த அளவு டயர் போட்டாலும் அதையும் அப்படியே தின்றுவிடும். புஷ், ஷொக் அப்சோபர், பிறகு டயர், அதன் பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் இடம் இந்தக் காருக்குப் போதாது, ஏனென்றால் பின் சக்கரக் கோணத்தையும் திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

காற்றளவை டயர் கடைப் பையனின் ஊகத்துக்கு விடாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் டயர் அளவுக்கு, ஆள் குறைவாகவும் நிறையவும் ஏறும்போது என்று தனித்தனி எண்கள் இருக்கும். காலையில், கார் ஓடும் முன்பு பார்த்த அளவே கணக்கு.

17க்கே போவது என்று முடிவெடுத்தால் நீங்கள் தேட வேண்டியது இதுதான்: ஈ46 அசல், 8 ஜே அகலம், ஓஃப்செட் 47, நான்கும் ஒரே அளவு, டயர் 225/45. கழற்றிய 16களில் நல்ல ஒன்றை டிக்கியில் உபரிச் சக்கரமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அதைப் போட்டு வீடு வந்து சேரலாம். புது ரிம்மோடு வேறு போல்ட் தந்தால் பழையதோடு நீளத்தையும் கூம்பு முனையையும் ஒப்பிடுங்கள்; புரி 12 மி.மீ. விட்டம், 1.5 இடைவெளி. கையாலேயே ஆறேழு சுற்று சுலபமாக ஏற வேண்டும், அதன் பிறகே சாவி. இறுக்கிய பின் ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஐந்தையும் இன்னொரு தடவை, இறுக்கத்தை அளக்கும் டோர்க் சாவியால் பாருங்கள்.